மஞ்சள் பலகையும் மறக்கப்பட்ட மனிதரும்

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இந்தப் படிப்பகத்தின் எதிர்ச்சாரியில் கைப்பேசி உறை விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அதன் நெற்றியைச் சற்றே உற்று நோக்குங்கள். புதுப் பலகையின் பின்னாலிருந்து பழைய மஞ்சள் பலகையின் ஓரம் எட்டிப் பார்க்கும். எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று கறுப்பு எழுத்திலே தீட்டிய பலகை அது. இருபது வயதுத் தம்பிமார்க்கு அதன் பொருள் தெரியாது. தெரியாதது அவர்தம் குற்றமும் அன்று.

ஐம்பதைக் கடந்தவர்கள் அறிவார்கள். வீட்டுக்குத் தொலைபேசி வேண்டுமென்று விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த நாடு இது. வெளியூருக்குப் பேச வேண்டுமா? டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, எப்போது மணி அடிக்கும் என்று தவம் கிடக்க வேண்டும். இலக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே எண்ணைச் சுழற்றி நேரே பேசும் வசதி 1960-இலேயே வந்துவிட்டது. வந்து என்ன பயன்? நம் தெருவை அது எட்டிப் பார்க்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1984-இல் சி-டாட் நிறுவனம் தோன்றி, தொலைபேசி இணைப்பகங்களை உள்நாட்டிலேயே உருவாக்கிய பின்னர்தான், எண்பதுகளின் பிற்பகுதியில், மூலைக்கு மூலை அந்தக் கண்ணாடிக் கூண்டு முளைத்தது.

இரவு ஏறினால் கட்டணம் குறையும் என்று கணக்குப் பார்த்து, சிங்கப்பூரிலிருக்கும் மகனின் குரல் கேட்கத் தாய்மார்கள் அங்கே வரிசையில் நின்றதை நான் கண்டிருக்கிறேன். ஓடுகின்ற சிவப்பு எண்களில் ஒரு கண். முடிச்சிலுள்ள பணத்தில் ஒரு கை. சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு வெளியே வருவார்கள். தெருவிலே பாதிப் பேருக்குக் கடைக்காரர் எண்தான் சொந்த எண்; பக்கத்திலே 'பி.பி.' என்று போட்டுக்கொள்வோம். அழைப்பு வந்தால் கடைப் பையன் ஓடிவந்து கதவைத் தட்டுவான். பிறப்பும் இறப்பும் அவன் காலில் ஏறித்தான் எங்கள் வீடுகளுக்கு வந்தன.

பொற்காலம் என்று பாட வந்தவனல்லன் நான். கருவி விரைந்து ஓடுகிறதென்று சண்டை மூளாத வாரமில்லை. கதவைச் சாத்தினாலும் பேச்சு தெருவுக்குக் கேட்டது. புகுந்த வீட்டில் படும் துயரை யாருமறியாமல் சொல்ல ஒரு பெண்ணுக்கு அங்கே வழியில்லை. இன்றோ, அதே தாய் கீரை ஆய்ந்தபடியே மகனின் முகம் பார்த்துப் பேசுகிறாள். அதைப் பறித்துக்கொண்டு மீண்டும் வரிசையில் நில் என்பவன் மக்களின் நண்பனாக இருக்க முடியாது.

எனக்குக் கவலை பலகையைப் பற்றியதன்று; பலகையின் கீழே அமர்ந்திருந்தவரைப் பற்றியது. அந்தக் கூண்டுகளை வழங்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தந்தது அரசு. நடக்கவியலாதவரும், பார்வையற்றவரும், எவரிடமும் கையேந்தாமல் கடை திறந்தார்கள், குடும்பம் நடத்தினார்கள். நல்ல திட்டம், எவர் செய்திருந்தாலும் நல்லதென்றே சொல்வோம்.

ஆனால், அதே அரசுதான் 1994-இல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வகுத்துத் தனியாரை வரவேற்றது. 1995-இல் கைப்பேசி வந்தது. அன்று வந்த அழைப்பை எடுப்பதற்கும் காசு, ஆகவே கூண்டு பிழைத்தது. 2003-இல் வரும் அழைப்புக்குக் கட்டணமில்லை என்றானது; கைப்பேசி கூலித் தொழிலாளியின் சட்டைப் பைக்குள்ளும் புகுந்தது. இடையிலே 1999 என்றோர் ஆண்டு உண்டு. அதை மறவாதீர்கள்! ஏலத்தில் ஒப்புக்கொண்ட உரிமக் கட்டணத்தைக் கட்ட முடியவில்லை என்று நிறுவனங்கள் முறையிட்டன. வருவாயில் ஒரு பங்கு தந்தால் போதும் என்று கொள்கையையே மாற்றிக் கொடுத்தது அரசு. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றபோது, அங்கிருந்த ஊழியர்களை வேறு பணிகளுக்கு மாற்றினார்கள், அதுவும் நேர்மையே. சக்கர நாற்காலியில் இருந்தவர் நொடித்தபோது எந்த விதி வளைந்தது? எந்த நாற்காலி அவருக்காக நகர்ந்தது?

"காலம் மாறிவிட்டது ஐயா" என்கிறார்கள். காலம் தானாக மாறவில்லை, தோழர்களே! கையெழுத்துப் போட்டு மாற்றினார்கள்.

எதிர்க்கடைக்காரரை நான் நன்கறிவேன். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியவர். கூண்டு போனபின் ரீசார்ஜ் கூப்பன் விற்றார். கைப்பேசியிலேயே பணம் கட்டும் வழி வந்ததும் அதுவும் போயிற்று. இன்று திருமண மண்டப வாயிலில் வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுக்கிறார். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் வருமானமில்லை. "அப்போ பேசறதுக்குன்னே என்கிட்ட வருவாங்கண்ணே. இப்போ எல்லாரும் பேசிக்கிட்டே என்னைத் தாண்டிப் போறாங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது?

பத்து நிமிடத்தில் மளிகை வீடு தேடி வரும் என்று பெருநகரங்களில் விளம்பரம் செய்தார்கள். நம் தெரு அண்ணாச்சி கடையின் முறை எப்போது என்று நான் கணிக்கமாட்டேன். ஆனால், முன்னர் வீழ்ந்தவரின் கணக்கை எடுக்காதவர்கள் அடுத்தவருக்காக என்ன கேட்கப் போகிறோம்?

இளைஞர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். நம் வட்டத்தில் கூண்டு நடத்திய மாற்றுத்திறனாளிகள் யார் யார், எந்த ஆண்டு மூடினர், இன்று எதில் பிழைக்கின்றனர் என்று வீடுவீடாகச் சென்று எழுதி வாருங்கள். அரசுப் பணியில் நூற்றுக்கு 4 இடம் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். அவர்தம் பிள்ளைகளிலோ, அவர்களிலோ தகுதியுடைய மாற்றுத்திறனாளிகள் உளரா என்றும் கேளுங்கள். பட்டியல் முடிந்ததும், ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு அவர்களையே முன்னிருத்திப் போவோம். வண்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.