கட்டத் துணியும் கலோடன் களமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடல் கடந்து சென்று மீள்வோர் யாவரும் ஆண்டு விழா மேடையில் பேசியே தீர வேண்டும் என்பது நம் சங்கத்தின் எழுதாச் சட்டம். நாங்கள் இருவரும் அதற்குக் கட்டுப்பட்டு நிற்கிறோம். ஸ்காட்லாந்தின் வடபகுதியில், இன்வர்னஸ் நகரில், எங்கள் மகன் பணிபுரிகிறான். அங்குள்ள ஏரியையும் கோட்டையையும் பற்றிப் பேசப் போவதில்லை. அவற்றின் படங்கள் உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கும். ஒரு சனிக்கிழமை முழுதும் ஒரு மண்டபத்தில் அமர்ந்து கேட்ட வரலாற்றுச் சொற்பொழிவுகளைப் பற்றியே சொல்ல விழைகிறோம். நுழைவுச் சீட்டை மகன் வாங்கி வைத்துவிட்டான். நாங்கள் அரை மனத்தோடுதான் சென்றோம்.

பேச எடுத்துக்கொண்ட பொருள்கள் இரண்டு. ஒன்று, தார்ட்டன் எனப்படும் கட்டத் துணி. மற்றொன்று, ஜாக்கோபைட்டுகளின் போர்முறை. இப்பெயரைக் கேட்டுப் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களை நினைத்துவிட வேண்டா. நாங்கள் அப்படித்தான் நினைத்து ஏமாந்தோம். 1688இல் அரியணை இழந்த ஜேம்ஸ் மன்னரின் பெயர் இலத்தீனில் ஜாக்கோபஸ். அவர் வழியினருக்கு அரசை மீட்டுத் தர முயன்றோர் ஜாக்கோபைட்டுகள்.

துணியைப் பற்றிய பேச்சே முதலில் நிகழ்ந்தது. பாவிலும் ஊடையிலும் ஒரே வண்ண வரிசை அமையும். சிவப்பும் சிவப்பும் குறுக்கிட்டால் முழுச் சிவப்பு. சிவப்பும் பச்சையும் சந்தித்தால் இரண்டும் கலந்த மூன்றாவது நிறம். கிளென் அப்ரிக் என்னும் இடத்துச் சதுப்பு நிலத்தில் கிடைத்த ஒரு துண்டு 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது என 2023இல் கண்டறிந்துள்ளனர். ஆகவே துணி பழையது என்பதில் ஐயமில்லை.

ஆனால், இன்ன குலத்தாருக்கு இன்ன கட்டம் என்னும் வழக்கு அத்துணைப் பழையதன்று! மொரியே என்னும் ஓவியர் தீட்டிய கலோடன் போர்ப் படத்தைத் திரையிற் காட்டினார்கள். அதில் ஒரே வீரனின் உடலில் இரண்டு மூன்று வகைக் கட்டங்கள் காணப்படுகின்றன. தம்மவர் யார் என்பதைத் தொப்பியிற் செருகிய வெள்ளை நாடாப் பூவால் அறிந்தனரேயன்றித் துணியால் அன்று. 1815இல் இலண்டனிலிருந்த மலைநாட்டார் சங்கம் ஒன்று குலத்தலைவர்களுக்கு எழுதி, "உங்கள் குலத் துணியில் ஒரு துண்டு அனுப்புக" என்று கேட்டதாம். தம் குலத்துக்குரிய கட்டம் எது என்பதே தலைவர்களிற் சிலருக்குத் தெரியவில்லை! பானக்பர்ன் ஊரின் வில்சன் நெசவாலையார் தம் கட்டங்கள் பலவற்றை எண்ணிட்டே விற்றனர். குலப்பெயர்கள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டன. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது, வால்டர் ஸ்காட் அமைத்த வரவேற்பில் எல்லோரும் கட்டத் துணியில் திரண்டனர். அதன்பின் இவ்வழக்கு வேரூன்றிவிட்டது.

இவ்வளவில் ஒரு முதியவர் எழுந்தார். கனடாவிலிருந்து வந்தவர்; அவருடைய முன்னோர் மலைநாட்டை விட்டுக் கப்பலேறியவர்கள். தம் குலக் கட்டத்தில் கில்ட் உடுத்தியிருந்தார். "அப்படியானால் நான் அணிந்திருப்பது பொய்யா, ஐயா?" என்று கேட்டார். குரல் நடுங்கிற்று. மண்டபம் அடங்கிவிட்டது. "தங்கள் பாட்டனாரும் தந்தையாரும் அணிந்தது பொய்யாகுமா? ஆனால் 1745இல் போரிட்டவர்கள் இதையே அணிந்தார்கள் என்று மட்டும் நான் சொல்ல இயலாது" என்றார் சொற்பொழிவாளர். முதியவர் முகம் தெளியவில்லை. எங்களுக்கோ, குழந்தைகளின் நடனத்துக்கு எந்தப் புடவைக்கட்டு பழமையானது என்று நம் செயற்குழுவில் இரவு பதினொரு மணிவரை வாதிட்டது நினைவுக்கு வந்து, தலை குனிந்துகொண்டோம்.

நண்பகலுக்குப்பின் போர். ஜேம்ஸ் மன்னரின் பேரர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் 1745 ஆகஸ்டு 19இல் கிளென்பின்னனிற் கொடியேற்றினார். செப்டம்பர் 21இல் பிரஸ்டன்பான்சில் வெற்றி. டிசம்பரில் இலண்டனுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டார்பி வரை சென்று திரும்பினர். நெருங்கிச் சென்று ஒருமுறை சுடுவர். துப்பாக்கியை எறிந்துவிட்டு வாளும் கேடயமுமாகப் பாய்வர். இதுவே மலைநாட்டார் பாய்ச்சல். எனினும் அவர்களை வாளேந்திய காட்டுக் கூட்டமாக எண்ணலாகாது என்றார் ஓர் அறிஞர். கலோடனுக்குப் பின் அரசுப் படை கைப்பற்றியதாகக் கணக்குக் கொடுத்த துப்பாக்கிகள் 2,320, வாள்களோ 190!

1746 ஏப்ரல் 16. முந்தைய இரவு நடத்திய நடைப்பயணம் வீணாகிப் பசியோடும் உறக்கமின்றியும் நின்றனர். ஆலங்கட்டி மழை முகத்தில் அறைந்தது, பீரங்கி வாட்டிற்று, சேற்று நிலத்திற் பாய்ச்சல் தளர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜாக்கோபைட்டுகள் மாண்டனர்.

அதே ஆண்டில் உடைத் தடைச் சட்டம் வந்தது. ஆடவரோ சிறுவரோ மலைநாட்டு உடை அணிந்தால் ஆறு மாதச் சிறை. மறுமுறை அணிந்தால் ஏழாண்டு நாடுகடத்தல். அரசுப் படையினருக்கு மட்டும் விலக்கு! 1782 வரை இச்சட்டம் நிலவிற்று.

இங்கேதான் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். 1746இல் தந்தையோடு ஜாக்கோபைட்டாகச் சிறைப்பட்ட இளைஞர் மெக்லவுட் பிரபு, மன்னிப்புப் பெற்று, சுவீடன் படையிற் பணியாற்றித் திரும்பி, 1777இல் அதே அரசுக்காக ஒரு மலைநாட்டுப் படையைத் திரட்டினார். அது 1780இல் சென்னையில் வந்திறங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 10இல், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், ஐதர் அலியும் திப்புவும் பெய்லியின் படையை அழித்தபோது அம்மலைநாட்டாரின் ஒரு பகுதியும் அதிலிருந்தது. இன்வர்னஸ் தெருவில் உடுத்தினால் சிறை என்றிருந்த உடையை, படைவீரன் என்ற காரணத்தால் காஞ்சியில் உடுத்த அன்று உரிமை உண்டு!

மாலையில் எல்லோரையும் பேருந்தில் கலோடனுக்கு அழைத்துச் சென்றனர். புல்மேடுகளின்முன் குலப்பெயர் பொறித்த கற்கள் நிற்கின்றன. அவையும் 1881இல் நாட்டியவைதாமாம். கனடா முதியவர் கல் கல்லாகக் குனிந்து தம் குலப்பெயரைத் தேடினார், கிடைக்கவில்லை. "கலந்த குலத்தார்" என்று மட்டும் எழுதிய கல்லின்முன் நெடுநேரம் நின்றார். காற்று அவர் உடையைப் படபடக்க வைத்தது. நாங்கள் கொண்டு சென்ற குடுவையிலிருந்து சூடான காப்பியை ஊற்றிக் கொடுத்தோம். வாங்கிக் குடித்துவிட்டு, "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார்.