வளரும் பிள்ளைக்கு ஏற்ற மலைச் சைக்கிள்



தீபாவளி நெருங்கிவிட்டால் நம் தோட்டத்து வீடுகளில் புதுத்துணிப் பேச்சோடு இன்னொரு பேச்சும் எழும். அது பிள்ளைகள் எழுப்புகிற சைக்கிள் பேச்சு. இப்போதெல்லாம் சாதாரண சைக்கிள் அவர்களுக்குப் போதாது. தடித்த டயரும் கியரும் ஸ்பிரிங்கும் உள்ள 'மௌண்டன் பைக்'தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். நாம் இதைக் குறை சொல்லமாட்டோம். செம்மண்ணும் சரளைக் கல்லும், மழை பெய்தால் சேறும், மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற செம்பனைக் காட்டுப் பாதைக்கு மெல்லிய டயர் எப்படி உதவும்? மலைச் சைக்கிள் என்ற ஒன்று நியாயமாக யாருக்குத் தேவை என்று கேட்டால், பட்டணத்துத் தார்ச்சாலைப் பிள்ளையைவிட நம் பிள்ளைக்கே தேவை என்போம்.

ஆனால் எந்தச் சைக்கிளை வாங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். பள்ளிச் சீருடை வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கொஞ்சம் பெரிதாகவே வாங்கி, ஓரத்தை மடித்துத் தைத்து, அடுத்த ஆண்டு பிரித்து விடுகிறோம். நல்ல சிக்கனம்தான். அதே கணக்கைச் சைக்கிளிலும் போடுகிறோம். "இப்போது கால் எட்டாவிட்டால் என்ன, வளர்ந்தால் எட்டிவிடும்" என்று பெரிய சைக்கிளை வாங்கிவிடுகிறோம். சைக்கிளை மடித்துத் தைக்க முடியாதே!

நம் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்த மாணவன் ஒருவனுக்கு அவன் தந்தை 26 அங்குலச் சக்கரம் கொண்ட சைக்கிளை வாங்கிக் கொடுத்தார். பையன் பார் கம்பியின் மேல் இடுப்பை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்து ஓட்டிப் பழகிவிட்டான். ஒருநாள் ஆலைக்குப் போகிற இறக்கத்தில் அவன் வரும்போது, எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்தது. பிரேக்கைப் பிடித்தான். விரல் நுனிதான் பிரேக் பிடியை எட்டியது, அழுத்தம் போதவில்லை. காலை ஊன்றலாம் என்றால் தரை எட்டவில்லை. கானுக்குள் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. லாரி ஓட்டுநர் சமயத்தில் நிறுத்தியதால் அவ்வளவோடு போயிற்று. அவன் தந்தை பிறகு நம்மிடம் சொன்னார்: "நாலு வருசமாவது ஓட்டட்டும்னுதான் பெருசா வாங்கினேன், வாத்தியாரையா. வருசா வருசம் மாத்தி வாங்க நமக்கு ஏது வசதி?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடுவோம்.

முதலில் பிள்ளையின் காலை அளக்க வேண்டும். வயதைக் கேட்டுச் சைக்கிள் விற்பது கடைக்காரர் வழக்கம். ஒரே வயதுப் பிள்ளைகள் இருவர் ஒரே உயரமாகவா இருக்கிறார்கள்? காலணி இல்லாமல் பிள்ளையைச் சுவரோடு முதுகு சேர்த்து, பாதங்களைச் சற்று விலக்கி நிற்கச் சொல்லுங்கள். தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே கொடுத்து, சைக்கிள் இருக்கையில் உட்கார்ந்தால் அழுத்துவது போல மேலே அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் படும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளதுதான் கால் அளவு. தையல் நாடா போதும்.

சிறுவர் சைக்கிள்களைச் சக்கரத்தின் அளவைக் கொண்டு 16, 20, 24 அங்குலம் என்று பிரிக்கிறார்கள். கால் அளவு 55 சென்டிமீட்டரைத் தாண்டிய பிள்ளைக்குப் பெரும்பாலும் 20 அங்குலச் சக்கரம் பொருந்தும். 64 சென்டிமீட்டரைத் தாண்டினால் 24 அங்குலம். 72 சென்டிமீட்டரை எட்டினால், சட்டம் சிறியதாக உள்ள 26 அங்குலத்தைப் பார்க்கலாம். இவை தோராயமான எண்களே. சட்டத்தின் வடிவம் கடைக்குக் கடை மாறும். ஆகையால் பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். 'திடீர் மகிழ்ச்சி' கொடுக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியாமல் வாங்கி வருவது சைக்கிளுக்கு ஆகாது. பார் கம்பிக்கு இருபுறமும் கால் வைத்து, இரு பாதங்களும் தரையில் முழுதாய்ப் படிய நிற்கட்டும். கம்பிக்கும் உடலுக்கும் நடுவே குறைந்தது 5 சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். கரடுமுரடான பாதையில் திடீரென்று குதித்து இறங்க நேரும்போது இந்த மூன்று விரல்தான் பிள்ளையைக் காக்கும்.

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். ஆரம்பப் பள்ளிப் பருவத்தில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 அல்லது 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அதில் பாதியளவு காலின் வளர்ச்சி. ஆண்டுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் இருக்கையின் தண்டு 9 அல்லது 10 சென்டிமீட்டர் மேலே இழுக்க இடம் தருமானால், மூன்று ஆண்டு வளர்ச்சிக்கு அது ஈடுகொடுக்கும். ஆகவே, இருக்கையை ஏறக்குறைய அடிமட்டத்துக்கு இறக்கிய நிலையில் இன்றைக்குப் பொருந்துகிற சைக்கிளை வாங்குங்கள். இன்றைக்கும் ஓட்டலாம், மூன்று ஆண்டுக்கும் வரும். பெரிதாக வாங்கினால் முதல் இரண்டு ஆண்டும் ஆபத்தில் கழியும். தண்டை உயர்த்தும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அதில் ஓர் எல்லைக்கோடு பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும்படி இழுத்துவிட்டால் தண்டு ஒடியக்கூடும்.

அடுத்தது எடை. கடையில் கண்ணைப் பறிப்பவை முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள்கள்தாம். விலை குறைந்தவற்றில் அந்த ஸ்பிரிங் இரும்புச் சுமையே தவிர வேறில்லை. கெட்டியான சுருளை அமுக்கப் பெரியவர் ஒருவரின் கனம் வேண்டும்; 28 கிலோ எடையுள்ள பிள்ளை ஏறினால் அது அசைவதேயில்லை. சைக்கிளோ 15 கிலோ இருக்கும். தம் எடையில் பாதிக்கு மேல் உள்ள பொருளை நம்மில் யார் மேட்டில் தள்ளிக்கொண்டு போவோம்? தடித்த டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தாலே குலுக்கல் பெரிதும் அடங்கும். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அதில் உள்ள குறைந்த எண்ணுக்கும் கீழே போகவேண்டாம். கியரும் அப்படித்தான். 21 கியர் என்று சொல்லிப் பிள்ளை மகிழலாம். முன்னே ஒரு பல்சக்கரமும் பின்னே ஆறோ ஏழோ இருந்தால் நம் தோட்டத்து மேடுகளுக்குப் போதும், பழுதும் குறைவு.

பழைய சைக்கிளைச் சீர்செய்து கொடுப்பது இழிவு என்று சிலர் நினைக்கிறார்கள். மலைச் சைக்கிள் பிறந்த கதையே பழைய இரும்பில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மரீன் வட்டாரத்தில், டமால்பைஸ் மலையடிவாரத்து இளைஞர்கள் 1970களில் ஒரு வேலை செய்தார்கள். 1930களிலும் 40களிலும் செய்யப்பட்டு ஒதுக்கிப் போட்டிருந்த தடித்த டயர் சைக்கிள்களைச் சல்லி விலைக்கு வாங்கி, தேவையற்றதையெல்லாம் கழற்றிவிட்டு, மண்பாதையில் மலையிலிருந்து இறங்கினார்கள். 1976ஆம் ஆண்டு அங்கே பந்தயமே தொடங்கிவிட்டது. அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். காரணம் வேடிக்கையானது. பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கிற அந்தக் காலத்துப் பிரேக், இறக்கத்தில் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடும். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் இதற்கென்றே தனிச்சட்டம் ஒன்று செய்தார். பெருந்தொழிற்சாலைகள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் இடம்பெற்றது.

ஆகையால், பட்டணத்தில் பழைய பொருள் விற்பவரிடமோ, பிள்ளை வளர்ந்துவிட்ட உறவினர் வீட்டிலோ 24 அங்குலச் சைக்கிள் கிடந்தால் விடாதீர்கள். முதலில் சட்டத்தைப் பாருங்கள். குழாய்கள் சேரும் பற்றவைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும், கைப்பிடிக்குக் கீழே பெயிண்ட் சுருங்கி உப்பியிருந்தாலும், எங்கேயோ மோதிய சைக்கிள் அது. இலவசமாய்க் கொடுத்தாலும் வேண்டாம். சக்கரத்தைச் சுழற்றினால் பிரேக் கட்டைக்கு நடுவே நேராக ஓடவேண்டும். சிறு கோணலை ஆரக்கம்பி முறுக்கிச் சரிசெய்யலாம். சங்கிலியில் ஓர் ஊசியின் நடுவிலிருந்து அதற்கடுத்த 24ஆவது ஊசியின் நடு வரை சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். அதைவிட அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் சங்கிலி தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். பெடலைக் கழற்றும்போது இடதுபக்கப் பெடலின் மரை தலைகீழானது என்பதை நினைவில் வையுங்கள். அதை வலப்புறமாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலசாலிகள் பலர் ஸ்பேனரோடு மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறோம்.

பெடல் தண்டின் நீளத்தையும் கவனியுங்கள். பெரியவர்கள் சைக்கிளில் அது 170 மில்லிமீட்டர். அதைச் சிறுபிள்ளைக்கு மாட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் முழங்கால் நெஞ்சுவரை வரும். 24 அங்குலச் சைக்கிளுக்கு 150ஐ ஒட்டிய நீளம் போதும்.

பணத்தை எதில் செலவிடலாம் என்று கேட்டால், தயங்காமல் பிரேக் என்போம். கம்பி, அதன் உறை, ரப்பர்க் கட்டைகள் மூன்றையும் புதிதாகவே போடுங்கள். சில வெள்ளிகளில் முடிகிற காரியம். பிரேக் பிடியின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். அதை உள்ளே முடுக்கினால் பிடி கைப்பிடியை நோக்கி நெருங்கி வரும். சின்னக் கைக்கு அது எட்டவில்லையே என்று வருந்துகிற பெற்றோரில் பாதிப்பேருக்கு இந்தத் திருகு இருப்பது தெரியாது. பிள்ளையின் விரலின் முதல் கணு பிடியை முழுதாக வளைத்துப் பற்றவேண்டும். எந்தக் கைப் பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதைச் சுற்றிப் பார்த்துச் சொல்லிக்கொடுங்கள். இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் பிள்ளை தலைகுப்புறப் போகும்.

பெரிய பையன்கள் பிரேக்கையே கழற்றிவிட்டு, சைக்கிளைத் தாழ்த்தி, 'பாசிக்கல் லாஜாக்' என்று பெருமையாக ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில் சாலையில் அப்படிக் கூட்டமாக ஓட்டிய பதின்ம வயதுப் பிள்ளைகள் எட்டுப்பேர் கார் மோதி இறந்தார்கள். வீட்டில் தம்பிக்குச் சைக்கிள் சேர்க்கிறபோது அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பிரேக் பூட்டச் சொல்லுங்கள். பூட்டத் தெரிந்தவன் கழற்ற யோசிப்பான்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணன் ஓட்டித் தேய்ந்ததுதான் தங்கைக்கு என்று வைத்திருக்கிறோம். பேருந்து நிற்கும் இடம் வரை இருட்டில் நடந்து போகிற பெண்ணுக்குச் சைக்கிள் இன்னும் அவசியம். பார் கம்பி தாழ்ந்திருக்கிற 'பொம்பளை சைக்கிள்' வளரும் ஆண்பிள்ளைக்கும் மிகப் பொருத்தமானது; ஏற இறங்க எளிது, அளவும் நீண்டநாள் வரும். கேலி செய்கிற வாய்களுக்குப் பயந்து அதை ஒதுக்காதீர்கள்.

முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு இரண்டும் கட்டாயம். காலை ஆறரை மணிக்கு நம் சாலையில் லாரிக்காரருக்குப் பிள்ளை தெரியவேண்டும். தலைக்கவசம் பிள்ளையின் தலைக்கே அளவெடுத்ததாக, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் அமர்ந்திருக்கட்டும். செம்பனை மட்டை முள் டயரில் தைக்கும். டியூபை ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி முள்ளை எடுக்காவிட்டால், ஒட்டிய அன்றே மறுபடி பஞ்சர்தான். சங்கிலிக்குச் சமையல் எண்ணெய் ஊற்றுகிறார்கள் சிலர். அது பிசினாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இயந்திர எண்ணெய் சில சொட்டு விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். சக்கர வளையத்தில் மட்டும் எண்ணெய் படக்கூடாது.

சைக்கிள் தயாரானதும் நேரே சாலைக்கு விடாமல், பள்ளித் திடலில் ஒரு வாரம் ஓட்டவிடுங்கள். சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அதன்மேல் நிற்கும்படி பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். காய்ந்த தரையில் ஒருமுறை, மழை பெய்து சக்கரம் நனைந்திருக்கும்போது ஒருமுறை. நனைந்த சக்கரம் எவ்வளவு தூரம் தள்ளிப்போய் நிற்கிறது என்பதைப் பிள்ளை தன் காலடியால் அளந்து பார்க்கட்டும். அதன் பிறகு ஆலை இறக்கத்துக்கு நீங்களும் கூடவே ஒருமுறை போய்வாருங்கள்.