திருவொற்றியூரில் பிறந்த வண்டியும் மாதவரத்துச் சாலையும்



சாயங்காலம் ஆறு மணிக்கு வட சென்னையில் மூலக்கடை மேம்பாலத்தின் அடியில் ஒரு பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று வரும். அதன் பின்னால் மணலியில் ஷிஃப்ட் முடித்து வருகிறவரின் ஸ்பிளெண்டர். ஹாண்டில்பாரில் சாப்பாட்டுப் பை ஆடிக்கொண்டிருக்கும். அடுத்து ஒரு புல்லட். அது வருவது முன்னாடியே காதில் விழுந்துவிடும். மூன்றும் ஒரே டிரெய்லர் லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். வண்டி வாங்க நினைக்கிறவர்கள் ஷோரூமுக்குப் போகும் முன் இங்கே வந்து நிற்க வேண்டும் என்பேன்.

புல்லட் நம்ம பக்கத்துப் பிள்ளை. 1950களின் தொடக்கத்தில், எல்லைக் காவலுக்குத் தோதான மோட்டார் சைக்கிள் ஒன்றை ராணுவம் தேடியது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி செய்துவந்த 350 சி.சி. புல்லட் தேர்வானது. 1955இல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன, இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் பாகங்களும் இங்கேயே செய்தார்கள். 1970இல் இங்கிலாந்துக் கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. திருவொற்றியூர் நிறுத்தவில்லை.

அந்தப் பழைய புல்லட்டின் இன்ஜினைக் கொஞ்சம் கவனியுங்கள். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. இப்படி நீளமாக ஏறி இறங்கும் இன்ஜின் வேகமாகச் சுற்றாது. ஆனால் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். மேட்டில் ஏறும்போது கியரை மாற்று, மாற்று என்று அவசரப்படுத்தாது. மொத்தச் சக்தி என்னவோ 18 குதிரைதான். மலைப்பாதையில் காவல் போகிறவருக்கு அந்த இழுவைதான் வேண்டியிருந்தது. ராணுவம் தன் சாலை எது என்று தெரிந்துகொண்டு வண்டியைத் தேடியது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: எல்லையில் ரோந்து போகிறவர் பெட்ரோலுக்காகத் தன் சட்டைப்பையில் கை விடுவதில்லை.

அப்படிச் சட்டைப்பையில் கை விடுகிறவர்களுக்காகவும் அதே கம்பெனி ஒரு வண்டி செய்தது. டாரஸ் என்று பெயர். டீசல் மோட்டார் சைக்கிள்! 1990களில் அதன் டகடக சத்தத்தைக் கேட்டவர்கள் இப்போது சிரித்துக்கொண்டிருப்பீர்கள். 325 சி.சி., ஆறரைக் குதிரை. மைலேஜ் கொடுத்தது, சந்தேகமில்லை. கூடவே உடம்பெல்லாம் ஆட்டமும் புகையும் கொடுத்தது. புகைக் கட்டுப்பாடு இறுகியதும் போய்விட்டது. பெரிய வண்டியின் உடம்பும் வேண்டும், சின்ன வண்டியின் செலவும் வேண்டும் என்றால் இப்படித்தான் ஆகும் என்பது என் கட்சி. அதே தேவைக்கு 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்திருந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. மைலேஜ் கேட்டவர்கள் அந்தப் பக்கம் போனார்கள்.

அந்த டிவிஎஸ் 50இன் வாரிசுதான் எக்ஸ்எல். அதைக் கேலி செய்கிறவர்களை விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். கையால் பிடிக்கக் கிளட்ச் கிடையாது, மாற்றக் கியர் கிடையாது. காலுக்கு முன்னால் தட்டையான இடம்; அங்கே ஒரு மீன் பெட்டி. பின் சீட்டைக் கழற்றினால் இன்னும் இரண்டு பெட்டி. வண்டியின் எடையோ 90 கிலோவுக்குள். ஐஸ் உருகிச் சேறான தரையில், அவ்வளவு பாரத்தோடு, நாலு பேருக்கு நடுவே வளைத்து எடுக்க இதைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரிந்து இல்லை.

எடையைப் பற்றி ஷோரூமில் யாரும் யோசிப்பதில்லை. ஸ்பிளெண்டர் ஏறக்குறைய 112 கிலோ. இப்போதைய கிளாசிக் 350 ஏறக்குறைய 195. ஓடும்போது அந்த எடை சுகம், காற்றடித்தாலும் அசையாது. ஜி.என்.டி. ரோட்டில் தடா, நெல்லூர் என்று நிதானமாக எண்பதில் போகிறவருக்கு அது கொடை. மணலி விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, நடுவில் அடியடியாக நகரும்போது அதே எடையைத் தாங்குவது உங்கள் இரண்டு கால்கள். நம்ம பக்கத்தில் பிறந்த வண்டிக்கு நம்ம சாலைதான் ஒத்துவரவில்லை என்று சில சமயம் தோன்றும். வாரத்தில் ஆறு நாள் மணலி, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு என்றால், அந்த ஆறு நாளைக்கு வாங்குங்கள்.

பெட்ரோல் கணக்கு சின்னதுதான். போகவர தினம் 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள், 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 65 கொடுக்கும் வண்டிக்கு 12 லிட்டர். 35 கொடுக்கும் வண்டிக்கு 22. லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் ஆயிரம் ரூபாய் வித்தியாசம். அது பொருட்டில்லை என்பவர் தாராளமாகப் பெரிய வண்டி எடுக்கலாம். ஆசைக்கும் ஒரு விலை உண்டுதானே.

இனி நம்ம சாலையைப் பார்ப்போம். மாதவரத்தில் லாரி முனையம் இருக்கிறது. லாரி இருக்கும் இடத்தில் ஆணி, போல்ட், கம்பித் துண்டு எல்லாம் தரையில் கிடக்கும். டியூப் போட்ட டயரில் ஆணி ஏறினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். டியூப்லெஸ் டயரில் காற்று மெல்லத்தான் இறங்கும். பஞ்சர் கடைவரை வந்து சேரலாம். ஸ்போக்ஸ் சக்கரம் பார்க்க அழகு, ஆனால் பெரும்பாலும் டியூப்தான் வரும். போதாததற்கு எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்று ஸ்போக்ஸையும் செயினையும் தின்னும். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அலாய் சக்கரமும் முழுசாக மூடிய செயின் கவரும் உள்ள வண்டியைப் பார்ப்பது நல்லது. சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்தில் விழாமல் தாண்டும். 18 அங்குலச் சக்கரம் தாண்டுகிற பள்ளத்தில் 10 அங்குல ஸ்கூட்டர் சக்கரம் இறங்கித்தான் ஏறும்.

பிரேக்குக்கு வருவோம். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். மணலும் நிலக்கரித் தூளும் கிடக்கும் சாலையில் சட்டென்று பிரேக் பிடித்தால், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் அது காப்பாற்றும். சில வண்டிகளில் முன் சக்கரத்துக்கு மட்டும் இருக்கும், சிலவற்றில் இரண்டுக்கும். கேட்டு வாங்குங்கள்.

பின்னால் உட்காருகிறவரை நாம் கேட்பதே இல்லை. கைப்பிடியும், கால் வைக்கும் கம்பியும், பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. சேலை கார்டு என்கிறோமே, அதுதான். அழகு கெடுகிறது என்று முதல் வாரமே கழற்றிப் போடுகிற பிள்ளைகள் உண்டு. அம்மாவின் சேலைத் தலைப்பும் தங்கையின் துப்பட்டாவும் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் பறக்கின்றன.

ஷோரூமில் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள், காலி ரோட்டில் ஒரு சுற்று. அது போதாது. வீட்டுக்காரம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, நெரிசல் நேரத்தில் ஒரு தடவை ஓட்டக் கேளுங்கள். நிற்கும்போது இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுகிறதா? அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைப் பின்பக்கமாகப் பத்தடி தள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். கூட இருக்கும் சேல்ஸ் தம்பி உதவிக்கு ஓடி வருவார். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு, நீங்களே போட்டுப் பாருங்கள்.