எமர்ஜென்சியில் வந்த வரிசை கிடையாது

ஒரகடம் ரோட்டுல நைட் ஷிப்ட் முடிச்சு பைக்ல வர்றவங்களுக்கான எபிசோடு இது.

விபத்துல ரெண்டு பேருக்கு அடி. ஒருத்தர் கால் உடைஞ்சு கத்துறார். இன்னொருத்தர் அமைதியா இருக்கார். முகம் வெளுத்து, உடம்பு சில்லுன்னு வேர்த்திருக்கு. டாக்டர் முதல்ல இவரைத்தான் பார்ப்பார். கத்துறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கு. இவருக்கு வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சுட்டு இருக்கலாம்.

இதுதான் ட்ரையாஜ். நம்ம கோடிங் பாஷையில, பிரையாரிட்டி கியூ. அரசு மருத்துவமனைகளின் டி.ஏ.இ.ஐ. பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சிவப்புன்னா காத்திருப்பே இல்ல. மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், இந்த ஆர்டர்ல உடனே பார்ப்பாங்க.

சரி, பணம்? 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, ஒரு உச்சவரம்பு வரை, இலவசம். திட்டத்துல சேர்ந்த தனியார் மருத்துவமனைகள்லயும் உண்டு. தமிழ்நாட்டுல விபத்து நடந்தா போதும். உங்க லைன்ல வேலை பார்க்கற ஒடிசா நண்பருக்கும் பொருந்தும்.

அதனால, "நல்லாத்தான் இருக்கான்"னு ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. 108-க்கு அடிங்க.