தட்டு சுத்துச்சு, வீடு கூடுச்சு!

(தலைப்பு: இசையை நாம் அதிகம் ரசித்தது இசைத்தட்டிலா? செல்போனிலா? – 'இசைத்தட்டில்தான்' என்ற அணியில் பேசியது)

எனக்கு முன்னால் பேசி உங்களையெல்லாம் மயக்கி வைத்திருக்கிற எதிரணித் தம்பி அவர்களே! ஷிப்ட் முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கிற ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரப் பெருமக்களே! வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிற தாய்மார்களே!

நடுவர் அவர்களே, என்னை எங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டீங்க பாருங்க! சுங்குவார்சத்திரத்துப் பக்கம் செய்யுற செல்போன் உலகம் பூரா போகுது. அந்த ஊருக்குப் பக்கத்துல மேடை போட்டு, 'செல்போனைவிட இசைத்தட்டுதான் ஒசத்தி'ன்னு என்னைப் பேசச் சொல்றீங்க. அல்வாக் கடை வாசல்ல நின்னு சர்க்கரை வியாதியைப் பத்திப் பேசுற மாதிரி இருக்கு! (சிரிப்பு)

நடுவர்: தைரியமா பேசுங்க. பஸ் ஏத்திவிட நானாச்சு! (சிரிப்பு, கைதட்டல்)

தம்பி என்ன சொன்னாரு? 'என் போன்ல கோடிக்கணக்கான பாட்டு வரும்'னாரு. சரி தம்பி, நேத்து ராத்திரி எத்தனை பாட்டை முழுசாக் கேட்டே? பல்லவி வர்றதுக்குள்ள தள்ளு, அடுத்தது. அதுவும் பிடிக்கலையா, தள்ளு. பந்தியில உட்கார்ந்து நாற்பது பதார்த்தத்தையும் மோந்து பார்த்துட்டு, பசியோட எந்திரிச்சவன் கதைதான் உன் கதை! (கைதட்டல்)

அந்தக் காலத்துத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தும். ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், மிஞ்சினா மூணரை. ஒவ்வொரு தடவையும் சாவி கொடுக்கணும், ஊசி மாத்தணும். அந்தத் தட்டு எதுல செஞ்சது தெரியுமா? அரக்குல! நம்ம நாட்டு மரத்துல பூச்சி வைக்கிற அரக்கு உலகம் முழுக்கத் தட்டாச் சுத்துச்சு. மகாபாரதத்துல பாண்டவர்களை எரிக்கக் கட்டினது அரக்கு மாளிகை. நம்ம காதைக் குளிர வைக்கச் செஞ்சது அரக்குத் தட்டு! (பலத்த கைதட்டல்) திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட தோடி, கே.பி. சுந்தராம்பாள் அம்மாவோட குரல் எல்லாம் அந்த அரக்குலதான் ஊர் ஊராப் போச்சு. 1948-ல வினைல் எல்.பி. வந்துச்சு. ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல ஓடும். 1963-ல எம்.எஸ். அம்மாவோட வெங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யா வந்து, எத்தனையோ வீட்டுக்கு விடியற்காலைச் சேவலா ஆயிடுச்சு.

தம்பி இன்னொண்ணு சொன்னாரு. 'இசைத்தட்டு பணக்காரன் வீட்டுச் சாமான்'னாரு. ஒத்துக்கிறேன். விலை அதிகம்தான். அதனாலதான் ஐயா அதைப் பகிர்ந்து கேட்டாங்க! கல்யாண வீட்டுல ரேடியோ செட்டுக்காரர் வருவாரு. மரத்துல குழாயைக் கட்டுவாரு. பிளேட்டைப் போட்டா ஊரே கேட்கும். யார் வீட்டுக் கல்யாணமோ, பாட்டு எல்லார் வீட்டுப் பாட்டு!

இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. ஜப்பானுக்குப் போவோம். யோகோஹாமான்னு ஒரு துறைமுக ஊர். 1933-ல அங்க 'சிகுசா'ன்னு ஒரு காபிக் கடை திறந்தாங்க. அமெரிக்காவிலிருந்து வர்ற ஜாஸ் இசைத்தட்டு சாமானியனுக்கு வாங்கக் கட்டுப்படியாகாது. கடைக்காரர் வாங்கி வைப்பாரு. ஒரு காபிக்குக் காசு கொடுத்துட்டு உட்கார்ந்து கேட்கலாம். இந்த மாதிரிக் கடைகள் அப்புறம் ஜப்பான் முழுக்கப் பரவிச்சு. ஓடுற தட்டோட அட்டையை எல்லாரும் பார்க்கிற மாதிரி எடுத்து வைப்பாங்க. பல கடையில தட்டு ஓடும்போது பேசக்கூடாது!

நடுவர்: மனைவியைக் கூட்டிட்டுப் போக வேண்டிய இடம்! (சிரிப்பு)

ஐயா, அம்மாமார்களும் இதையேதான் நினைக்கிறாங்க! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இதுல ஒரு பொருத்தம் பாருங்க. அதே 1933-ல, அதே யோகோஹாமாவுலதான் நிசான் கம்பெனியும் பிறந்துச்சு. அந்த நிசானும் ரெனோவும் சேர்ந்து 2010-ல நம்ம ஒரகடத்துல கார் ஆலை திறந்தாங்க. ஆக, யோகோஹாமா கார் ஒரகடத்துக்கு வந்துருச்சு. யோகோஹாமா காது இன்னும் வரல! (கைதட்டல்)

தட்டு வெறும் பொழுதுபோக்கு இல்ல. அது ஒரு வாத்தியார். சார்லி பார்க்கர்னு ஒரு சாக்ஸபோன் மேதை. 1937-ல 16 வயசு. கோடைக்கால விடுதி ஒண்ணுல வாசிக்கப் போனவன், லெஸ்டர் யங்கோட இசைத்தட்டுகளைக் கையோட கொண்டுபோனான். திருப்பித் திருப்பிக் கேட்டான். அவர் வாசிப்பை ஸ்வரம் ஸ்வரமாப் பிடிச்சான். திரும்பி வந்தப்ப வேற ஆளா வந்தான். துரோணர் சிலையை வச்சு வில் கத்துக்கிட்டவன் ஏகலைவன். லெஸ்டர் யங் தட்டை வச்சு சாக்ஸபோன் கத்துக்கிட்டவன் சார்லி பார்க்கர். ஒரே வித்தியாசம், இந்தத் துரோணர் கட்டை விரலைக் கேட்கல! (பலத்த கைதட்டல்)

அந்தப் பார்க்கர் குழுவுல டிரம்பெட் வாசிச்ச பையன் மைல்ஸ் டேவிஸ். பின்னால அந்த மைல்ஸ் டேவிஸோட இசைத்தட்டுகள்ல கிதார் வாசிச்சவர் ஜான் மெக்லாஃப்ளின். அந்த மெக்லாஃப்ளின் 'சக்தி'ன்னு ஒரு குழு ஆரம்பிச்சாரு. 1976-ல முதல் தட்டு வந்துச்சு. அதுல கடம் யாரு? நம்ம விக்கு விநாயக்ராம்! கூட வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன். அமெரிக்க ஜாஸ் ரசிகன் தட்டைப் போட்டுட்டு, 'இது என்ன வாத்தியம்?'னு அட்டையைத் திருப்பிப் பார்த்தா, நம்ம ஊர் மண்பானை! (கைதட்டல்) அதே சக்தி குழு 2024-ல கிராமி விருது வாங்கிச்சு. மேடையில விக்கு விநாயக்ராமோட மகன் செல்வகணேஷ். பானை உடையல ஐயா, பரம்பரையாயிடுச்சு!

தட்டுங்கிறது செத்துப்போன பொருள்னு தம்பி நினைக்கிறாரு. 1987-க்கு அப்புறம் முதல் தடவையா, 2022-ல அமெரிக்காவுல சி.டி.யைவிட வினைல் தட்டு எண்ணிக்கையில அதிகமா வித்துச்சு. கையில போன் இருக்கிறவங்கதானே வாங்கினாங்க? ஏன் வாங்கினாங்க? தள்ள முடியாத ஒண்ணு அவங்களுக்குத் தேவைப்பட்டுச்சு!

இப்ப விளையாட்டை விட்டுட்டு ஒண்ணு சொல்றேன். வல்லம் வடகால்ல 2024-ல பெண் தொழிலாளர்களுக்காக விடுதி திறந்தாங்க. 18,720 பேர் தங்கலாம். எத்தனையோ மாவட்டத்துப் பிள்ளைங்க, அம்மா அப்பாவை விட்டுட்டு இந்த வட்டாரத்துக்குப் பிழைக்க வந்திருக்கு. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு கம்பெனி பஸ்ல 50 பேர் வர்றாங்க. 50 பேர் காதுலயும் ஒயர். 50 பாட்டு ஓடுது. பக்கத்து சீட்டுப் பொண்ணு எந்தப் பாட்டுக்கு அழுவுதுன்னு இந்தப் பொண்ணுக்குத் தெரியாது. ஒரே அறையில படுக்கிறாங்க. ஒரு பாட்டைச் சேர்ந்து கேட்டதில்ல. (அமைதி)

வீட்டுல மட்டும் என்ன வாழுது? அப்பாவுக்கு ஒரு காது, மகனுக்கு ஒரு காது. அம்மா சமையல்கட்டுல கூப்பிட்டா யாருக்கும் கேட்கல. வள்ளுவர் 'கேள்வி'ன்னு தனியா ஒரு அதிகாரமே வச்சாரு. நாம காதை மூடிக்கிட்டுப் பாட்டுக் கேட்கிறோம்!

போன் மேல எனக்குக் கோபம் இல்ல. அது உங்க உழைப்பு, உங்க வீட்டு அடுப்பு எரியுற விறகு. நான் கேட்கிறது சின்ன விஷயம். வாரத்துல ஒரு நாள், எல்.பி.யோட ஒரு பக்கம் ஓடுற நேரம், இருபதே நிமிஷம். ஒரு போனை நடுவுல வையுங்க. காது ஒயரைக் கழட்டுங்க. தள்ளாமக் கேளுங்க. முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க: 'எனக்கு அந்த வயலின் பிடிச்சது', 'எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்துச்சு.' அவ்வளவுதான். இசைத்தட்டு நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான்.

எனவே நடுவர் அவர்களே! செல்போன் பாட்டைக் கையில கொடுத்துச்சு. இசைத்தட்டு பாட்டோட பக்கத்துல ஒரு மனுஷனையும் உட்கார வச்சுக் கொடுத்துச்சு. ரசனை அங்கேதான் இருந்தது என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்! (பலத்த கைதட்டல்)