இரத்தப் பரிசோதனையில் மூளை தெரியுமா?

(அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளின் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சர்க்கரைக்கு இரத்தம் எடுத்துப் பார்ப்பதுபோல், மூளையில் டோபமைன் கூடியிருக்கிறதா என்றும் பார்க்க முடியாதா?" நியாயமான கேள்விதான்.

மூளை நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் இரசாயனங்களில் ஒன்று டோபமைன். வேலை முடிந்ததும் அது சிதைந்து, ஹோமோவனிலிக் அமிலமாக மாறி, இரத்தத்தில் கலந்து சிறுநீரில் வெளியேறுகிறது. இந்தக் கழிவை அளந்தால் மூளையின் நிலவரம் தெரியுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகள் மருந்தால் குணமடையும்போது இரத்தத்தில் இந்த அமிலமும் குறைகிறது என்று 1984இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆனால் சிக்கல் இருக்கிறது. பல கம்பெனிகளின் கழிவுநீர் ஒரே கால்வாயில் சேர்ந்தால், கடைசியில் நின்று பார்ப்பவருக்கு எது எந்தக் கம்பெனியுடையது என்று தெரியுமா? இரத்தத்திலுள்ள அமிலமும் அப்படித்தான். மூளையிலிருந்து வருவது ஒரு பங்கு மட்டுமே. பெரும்பகுதி உடலின் மற்ற நரம்புகளிலிருந்து வருகிறது. சாப்பாடும் நடையும்கூட அளவை மாற்றிவிடும். எனவே இது ஆராய்ச்சிக்கு உதவுமே தவிர, ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லாது. அதற்காகக் கடன் வாங்கிப் பரிசோதனைக்குச் செலவழிக்க வேண்டாம். டாக்டர் பேசிப் பார்த்து, வீட்டாரிடம் விசாரித்துத்தான் நோயை அறிகிறார். தைராய்டு போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்கவே இரத்தம் எடுக்கச் சொல்கிறார்.

டோபமைனோடு தொடர்புடைய, நமக்கு உண்மையிலேயே பயன்படும் பரிசோதனை ஒன்று உண்டு. அது புரோலாக்டின். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இதைச் சுரக்கிறது. டோபமைன் அதற்குக் கடிவாளம். ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரைகள் டோபமைனின் வேலையைத் தடுக்கும்போது கடிவாளம் தளர்ந்து புரோலாக்டின் ஏறலாம். அப்போது பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம், மார்பில் பால் சுரக்கலாம்.

தாய்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். மாத்திரை சாப்பிடும் குமர்ப் பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றால் உடனே சந்தேகப்பட்டு அவளை நோகடிக்காதீர்கள். பயந்து மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பிவிடும். டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவர் புரோலாக்டின் பார்த்து, அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார்.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருப்பது நம் ஊர் பெயர் கொண்ட ஓசூர் சாலையில்தான். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

துஆவும் வேண்டும், தவாவும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடாதீர்கள். நோயுற்ற நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக. வஸ்ஸலாம்.