முள் இறங்கினால் நிம்மதியா?



மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒரு மார்கழி இரவு, பின்னால் உர மூட்டைகளோடு என் பழைய பிக்கப் வண்டி ஒன்பதாவது வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தது. கல்லாறு தாண்டியதிலிருந்தே டெம்பரேச்சர் முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கண் ரோட்டில், ஒரு கண் முள்ளில். திடீரென்று அந்த முள் சரசரவென்று இறங்கிக் குளிர்ந்த பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதே நேரத்தில் கேபினுக்குள் கதகதவென்று ஊதிக்கொண்டிருந்த ஹீட்டரும் சில்லென்று ஊத ஆரம்பித்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு ஓட்டினேன். இன்னும் இரண்டு வளைவு போயிருப்பேன். இழுவை குறைந்தது, ஏதோ கரகரத்தது, இன்ஜின் நின்றுவிட்டது.

ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் கிளிப் கழன்று, தண்ணீர் முழுக்க ரோட்டில் கொட்டியிருந்தது. முள்ளை நகர்த்தும் சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். தண்ணீர் வடிந்துபோனால் அதைச் சுற்றி வெறும் காற்றுதான், முள் இறங்கிவிடும். ஹீட்டருக்கும் சூடு எங்கிருந்து வருகிறது? இன்ஜினைச் சுற்றி வந்த அதே சுடுதண்ணீரிலிருந்துதான். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் ஒரே வாக்குமூலம் கொடுத்தார்கள், எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. ஹெட் வளைந்துபோனது. கழற்றி, லேத்தில் கொடுத்து முகம் சமப்படுத்தி, புது கேஸ்கட் போட்டு வண்டி மறுபடி மலையேற மூன்று வாரம் ஆயிற்று.

அதன் பிறகும் தொல்லை விடவில்லை. வண்டி கொதித்தது. வாட்டர் பாடியை, அதாவது தண்ணீர் பம்பை, மாற்றினேன். கொதித்தது. ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய் குழாயாகக் குத்திச் சுத்தம் செய்தேன். அப்படியும் கொதித்தது. கடைசியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஏந்தம்பி, எங்க வெச்சுக் கொதிக்குது?" என்று கேட்டார்.

இத்தனை நாளும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. டவுனில் சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால், சந்தேகம் ஃபேன் மேல்தான். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுகிறது. நிற்கும்போது ஃபேன்தான் இழுத்துக் கொடுக்க வேண்டும். பெல்ட்டில் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றில் ஃபேனின் நடுவே சிலிக்கான் எண்ணெய் அடைத்த ஒரு குடுவை இருக்கும். சூடு ஏறினால் அது ஃபேனை இறுக்கிப் பிடிக்கும். எண்ணெய் கசிந்துபோனால் பிடிப்பும் போய்விடும். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் அணைத்துவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கை எடுத்த பிறகும் தட்டாமாலை சுற்றினால் அது வேலைக்கு ஆகாது. ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டும் முக்கியம். ஏதோ ஒரு ரிப்பேரில் கழற்றி, மாட்டச் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள். அது இல்லையென்றால் ஃபேன் பக்கவாட்டுக் காற்றைத்தான் இழுக்கும்.

நின்றால் சும்மா இருந்து, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால் முள் ஏறுகிறதா? தண்ணீர் ஓட்டத்தில் தடை. போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்திருக்கலாம், கீழ் ஹோஸுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்து உதிர்ந்து, வேகத்தில் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளலாம். ஏற்றத்தில் மட்டும் என்றால் இவை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். இரண்டாவது கியரில் சுமையோடு ஊர்ந்து ஏறும்போது இன்ஜினுக்கு வேலை அதிகம், வரும் காற்றோ குறைவு.

என் வண்டியின் கதை வேறு. கோயம்புத்தூர் வெயிலில் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. குன்னூர் தாண்டினால் குமுறும். ஊட்டி மார்க்கெட்டில் கேரட் ஏற்றும்போது, அந்தக் குளிரிலும், ரேடியேட்டரின் பக்கத்து பாட்டில் வழியாகத் தண்ணீர் பொங்கும். இதைச் சொன்னதும் பெரியவர் எழுந்துபோய் ரேடியேட்டர் மூடியை மட்டும் மாற்றிக் கொடுத்தார். இன்றுவரை பொங்கவில்லை.

மூடியில் அப்படி என்ன இருக்கிறது? ஊட்டிக்காரர்களுக்குத் தெரியும், அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜினோ 85 முதல் 95 டிகிரி வரை சூட்டில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அப்படியானால் நல்ல வண்டிகூட ஊட்டியில் கொதிக்க வேண்டுமே? கொதிக்காமல் காப்பது அந்த மூடியின் ஸ்பிரிங். குக்கர் வெயிட் போல அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. 0.9 பார் என்று போட்ட மூடி நன்றாக இருந்தால், அதே ஊட்டியில் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 115 டிகிரி வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ, சமவெளியில் தப்பித்துவிடுவீர்கள், மலை காட்டிக்கொடுத்துவிடும். இதே மலையில் ஏறும் மலை ரயிலின் நீராவி இன்ஜின் ஹில்குரோவ் ஸ்டேஷனில் நின்று தண்ணீர் பிடிக்கும். அதற்குக் கொதிப்பதுதான் தொழில். நம் வண்டிக்கு அது வியாதி.

அதே மூடியின் நடுவே சின்னதாக இன்னொரு வால்வு இருக்கிறது. வண்டி ஆறும்போது பாட்டிலில் இருக்கும் தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள வழிவிடுவது அதன் வேலை. காலையில் பானெட்டைத் திறக்கும்போது மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால், அந்த வால்வு அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இனி ஹீட்டருக்கு வருகிறேன். சமவெளி வண்டிகளில் இதை யாரும் சீந்துவதில்லை. ஒழுகினால் இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்து முடித்துவிடுவார்கள். ஆனால் நோய் கண்டுபிடிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது. ஹீட்டர் சூடு தரவில்லையா? வண்டி சூடேறிய பின் இன்ஜினை அணைத்துவிட்டு, ஹீட்டருக்குப் போகும் ஹோஸ், திரும்பும் ஹோஸ் இரண்டையும் சூடு பார்த்துத் தொடுங்கள். இரண்டும் சுட்டால் தண்ணீர் பக்கம் குற்றமில்லை. உள்ளே காற்றைத் திருப்பும் தகடோ, அதை இழுக்கும் கேபிளோதான். ஒன்று சுட்டு மற்றொன்று சில்லென்றிருந்தால் ஹீட்டருக்குள் அடைப்பு, அல்லது அதன் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பா? தண்ணீர் குறைவாக இருக்கலாம், அல்லது சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். ஹீட்டர் போட்டதும் கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படலம் படிந்து, இனிப்பு வாடை அடித்து, காலடி மிதியடி ஈரமானால் ஹீட்டரே ஒழுகுகிறது.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு சண்டை போட்டே ஆக வேண்டும். ஹீட் ஆகிறது என்றதும் அதைக் கழற்றி வீசிவிடும் பழக்கம் நம்மிடம் வேரோடிப் போயிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அது இல்லாத இன்ஜின் சமவெளியில் சூடேறவே நேரம் எடுக்கும், மலைக்குளிரில் ஏறவே ஏறாது. டீசல் கூடுதலாகக் குடிக்கும். சில இன்ஜின்களில் அந்த வால்வுதான் குறுக்கு வழியை அடைத்துத் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் அனுப்புகிறது. அதைக் கழற்றினால் சூடு குறைவதற்குப் பதில் கூடும். சந்தேகமாக இருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதைப் போட்டுச் சுட வையுங்கள். பலவற்றில் 82 டிகிரி வாக்கில் வாய் திறக்கும். திறக்கவில்லை என்றால் புதிது வாங்குங்கள்.

வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் வண்டி தண்ணீர் குடித்தால் ஹெட் கேஸ்கட்டைத்தான் நினைக்க வேண்டும். காலையில் ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால், அந்த அழுத்தம் சூட்டால் வந்ததல்ல. சிலிண்டரிலிருந்து புகை உள்ளே புகுகிறது. ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

வழியில் முள் ஏறுகிறது, நீராவி இன்னும் வரவில்லை என்றால், ஓரமாக நிறுத்தி ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, பிளோயரை வேகமாக வையுங்கள். பங்குனி வெயிலில் இதைச் செய்தால் கூட இருப்பவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால் ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். அனல் காற்று வந்தால் உள்ளே தண்ணீர் ஓடுகிறது. முள் மேலே இருக்கும்போது குளிர்ந்த காற்று வந்தால் தண்ணீர் இல்லை, உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே வேண்டாம். குக்கரின் வெயிட்டை விசில் அடங்கும் முன் யாரும் எடுப்பதில்லையே.

நன்றாக ஆறிய பிறகு கூலண்ட் ஊற்றுங்கள். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்தபடி நின்றால் நல்லது. மூடியைத் திறந்தபடியே, ஹீட்டரைச் சூட்டில் வைத்து இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். ரேடியேட்டர் வாயில் குமிழிகள் வரும்; மட்டம் சட்டென்று இறங்கும்; மறுபடி ஊற்றுங்கள். குமிழி அடங்கி, கேபினுக்குள் காற்று அனலாக வர ஆரம்பித்ததும் மூடியைத் திருகிப் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.